பாறைக்கு வேலைக்குப் போகிறவர்

என் வீட்டுக்காரர் வேலையை விட்ட அன்று அலுவலகத்தில் சால்வை போர்த்தி அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்த்தவர். "இனிமே ஒருத்தன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம், ஷேர் மார்க்கெட்தான் நம்ம தொழில்" என்றார். சால்வையை மடித்து பீரோவில் வைத்தேன்.

நான் கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வாரம் முழுவதும் மேலே தங்கிவிட்டு, சனிக்கிழமை கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து இறங்குவேன். வேலையை விட்டதும் அவர் கீழே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து சேர்ந்தார். வாடகை மிச்சம் என்றார். பொண்டாட்டி பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறையில் மட்டும்தான். நான் பள்ளியில் மணி அடிக்கும் நேரத்தில்தான் அவருடைய சந்தையும் திறக்கும். குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பாறையில் ஏறி உட்கார்ந்தால், அது மூடும்வரை இறங்கமாட்டார். சிவப்பும் பச்சையுமாக ஏறி இறங்கும் கோடுகளை முதல் வாரம் ஆசையாகக் காட்டினார். பிறகு நான் கிட்டே போனால் போனைக் கவிழ்த்து வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "போய்க்கினு இருக்குது" என்பார். எங்கே போய்க்கினு இருக்கிறது என்று கேட்டால் கோபம் வந்துவிடும். என் சம்பளம் என்றைக்கு வரும் என்றே தெரியாமல் இருந்தவர், இப்போது மாதக் கடைசியானால் "ஏறிடுச்சா?" என்று கேட்டார். அவர் நன்றாகச் சாப்பிட்டால் எனக்குச் சந்தேகம். சாப்பிடாவிட்டால் இன்னும் சந்தேகம்.

சந்தேகம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கும் இருந்தது, வேறு மாதிரி. ஒருநாள் சாராய ரெய்டு என்று போலீஸ் வண்டி வந்து, நாலைந்து வீடுகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போனது. போனும் கையுமாக நாளெல்லாம் பாறையில் உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்தான் போலீசுக்குத் துப்பு சொன்னார் என்று பழி விழுந்தது. மறுநாள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அடுத்த நாள் இன்னும் குறைந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூட்டிவந்து சேர்த்த பிள்ளைகள்.

ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"சார் அங்க இன்னா வேலை பண்றாரு டீச்சர்?"

"வியாபாரம்மா. போன்லயே வாங்கி போன்லயே விக்கறது."

"சரக்கு எங்க?"

"சரக்கு கண்ணுக்குத் தெரியாது."

"சம்பளம் யாரு குடுக்கறாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்க."

"சம்பளமே இல்லாத வேலைக்கு எதுக்கு டீச்சர் தினமும் வெயில்ல ஏறி உக்காந்துகினு இருக்காரு?"

மாதக்கணக்காக நான் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. நாளைக்குப் பிள்ளையை அனுப்பச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒரு வழி சொன்னார். "டீச்சர் கோயில்ல கற்பூரம் அணைக்கட்டும். புள்ளைங்க தன்னால வரும்." எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அங்கே அதற்குமேல் பேச்சில்லை. பொய்யாகச் செய்தால் குடும்பம் விளங்காது. நானே செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "வாணாங்க, கட்டிக்கினவங்க சொல்லட்டும்" என்று பெரியவர் தடுத்துவிட்டார்.

கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பயம். இவர் நேர்மையானவர், எதையும் மறைக்காதவர் என்று எதையெல்லாம் சேர்த்துச் சொல்லச் சொல்வார்களோ என்று வார்த்தைகளை அளந்துகொண்டே நடந்தேன். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஊரையே தூக்கிக்கொண்டு போனாலும் இவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார். இவராவது துப்புச் சொல்வதாவது.

"என் வீட்டுக்காரர் போலீசுக்குத் துப்பு சொல்ற ஆள் இல்ல" என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்தேன். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. கை நன்றாகச் சுட்டுவிட்டது.

திரும்பும்போது அந்த மாணவியின் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டு ஆளுக்கு நான் அணைக்க மாட்டேன் டீச்சர். உங்களுக்கு இன்னா நம்பிக்கை!" எனக்கு வெட்கமாக இருந்தது. சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் அவர் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் உள்ளங்கையில் தடவினார். கண் கலங்கியிருந்தது. "ஊரே பாக்க என்னை நம்பிட்ட. எனக்கு அது போதும்" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டேன். "நீங்க போலீசுக்கு ஆள் இல்லன்னுதாங்க சத்தியம் பண்ணேன். வேற எதுக்கும் பண்ணல."

"வேற எதுக்குப் பண்ணணும்?"

எண்ணெய்க் கையை அப்படியே நீட்டினேன். "போனைக் குடுங்க. பாத்துட்டு சொல்றேன்."

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.