மிசி மேல் டிவிஷனுக்கு ஏறிய சைக்கிள்

மிசி சிவபாக்கியத்தை அன்று தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? அவருடைய சைக்கிளில் இருந்த மோட்டார் மட்டும் அல்ல என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மற்றது தெரிந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். நீங்கள் சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்டதில்லை.

போன புதன்கிழமை, ஈப்போவில் நான் வேலை செய்யும் பள்ளியின் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் முனியாண்டி, தேயிலை ஆலையில் நெடுங்காலம் ஒயர்மேனாக இருந்தவர். "டீச்சர், மிசி காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே. மொகத்துல ஒரு கஷ்டமும் தெரியல," என்றார். மதியப் பேருந்தில் மலையேறி, ரிங்லெட்டில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மழையில் குடை பிடித்தபடி வீட்டைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேரை, பிறந்த நொடியில் முதலில் தொட்டவர் அவர்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்டேட்டில் நர்சை மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். சிவபாக்கியம் என்ற பெயரைச் சம்பளப் புத்தகத்துக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலை ஏழு இருபது வரை கீழ் டிவிஷனில் வேலை. எட்டு மணிக்கு மேல் டிவிஷனில் மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். இடையில் நாற்பது நிமிடம், ஐந்து வளைவுகள் கொண்ட ஏற்றச் சாலை. நோய் என்று வருகிறவர்களுக்கு எட்டு மணிக்கே சீட்டு எழுதினால்தான் கங்காணி அன்றைய பேர்ப் பட்டியலை முடிக்க முடியும். அந்த நேரத்தை மாற்ற முடியாது என்பது எஸ்டேட்டை நடத்தும் துரையின் பேச்சு. அதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

நான் அவரைச் சந்தித்தது எழுபதுகளின் கடைசியில். தானா ராத்தாவில் அறிவியல் கற்பித்துக்கொண்டு ரிங்லெட்டில் வாடகைக்கு இருந்தேன். அவருக்கும் என் வயதுதான், நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. அந்த வருடம் ஏற்றத்தில் நடந்தால் உதடு நீலமாகத் தொடங்கியது. வாரம் ஒரு முறை வரும் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, இனி மலை ஏறக்கூடாது என்றார். நிர்வாகம் அவரைத் தாப்பாவுக்குக் கீழே, சமதரையில் இருந்த வேறொரு எஸ்டேட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னது. சம்பளம் அதேதான். வீடு இதைவிடப் பெரியது. எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அங்க மருந்து குடுக்க டிரெஸ்ஸர் இருக்காரு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. நான் போயி மாத்திர எண்ணிக் குடுக்கலாம்," என்றார். "இங்க பிள்ள பொறக்குது டீச்சர். மேல லைன் வீட்டுல வலி எடுத்தா, லோரி வந்து எறக்குறதுக்குள்ள பாதிப் பேருக்கு வழியிலேயே ஆயிடுது."

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ டெஸ்டுக்குப் போயி ரெண்டு தடவயும் விழுந்தேன். மூணாவது தடவ அந்த ஆபீசரு என்னயப் பாத்ததுமே, 'சுக்குப்லா மக்சிக்', போதும்மா போதும்னு கும்பிடு போட்டுட்டாரு."

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பின்னால் முனியாண்டி. பிரித்தால், லாரியின் ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றும் மின்மோட்டார்.

"இத சைக்கிள்ல கட்டுனா மேல ஏறுமா டீச்சர்?"

"ஏறாது."

"பாத்துட்டுச் சொல்லுங்கலா."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். காத்தாடி சுத்துற மோட்டார் இது. ஒங்கள எப்படி சொமக்கும்?"

"சொமக்க வேணாம். மிதிக்கப் போறது நான். கூடக் கொஞ்சம் ஒத்தாச பண்ணுனா போதும்."

அவர் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிசி சொன்னதில் தவறில்லை. சாதாரணமாக மிதிக்கும் ஒருவரின் பலத்தில் பாதியை அந்த மோட்டார் தரும். சைக்கிளும் இலேசானது. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பந்தய சைக்கிள் அது. ஒரு கையால் தூக்கலாம். முனியாண்டி அதன் வளைந்த கைப்பிடியைக் கழற்றி நேரான ஒன்றைப் பூட்டினார். மோட்டாரின் அச்சில் ஒரு சிறிய உருளை, அது பின் டயரை அழுத்திச் சுற்றும். மழையில் உருளை வழுக்கியது. மிசி தன் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்து உருளையைச் சுற்றிக் கட்டினார். அதன் பிறகு வழுக்கவில்லை. இயற்பியல் படித்த எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

என் பங்கு கைப்பிடியில் இருந்த குமிழ். இரண்டு மோட்டார் சைக்கிள் பாட்டரிகளைப் பக்கம் பக்கமாக இணைத்தால் எண் ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எண் இரண்டு. குமிழைத் திருப்பினால் இணைப்பு மாறும்படி வரைந்து கொடுத்தேன், முனியாண்டி செய்தார். ஒன்றில் வைத்தால் மோட்டார் நடை வேகத்துக்குத்தான் உதவும், ஆனால் நெடுநேரம் உதவும். இரண்டில் தள்ளுவது நன்றாகத் தெரியும், ஆனால் இருபது நிமிடத்தில் பாட்டரி தீர்ந்துபோகும். முழு ஏற்றத்துக்கும் இரண்டு போதாது என்பதை மிசியிடம் சொன்னேன்.

சொன்ன நானே முதல் சோதனையில், ஏறி உட்கார்ந்ததும் குமிழை இரண்டில் வைத்தேன். சுகமாக இருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏ லெட்சுமி, டீச்சர் சைக்கிளுக்குள்ள வண்டு பூந்துருச்சுடி."

"வண்டு இல்லடி, அது மிசியோட கெரெத்தா, புதுக் காரு."

மூன்றாவது வளைவில் வண்டின் சத்தம் நின்றது. மோட்டாரும் பாட்டரியும் சேர்ந்து அந்த இலேசான சைக்கிளை இரும்புப் பெட்டியாக்கியிருந்தன. வியர்த்துக் கொட்டத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தேன். மிசி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சிரித்தார்.

"மொதப் பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்களும் இப்படித்தான் டீச்சர். வேண்டாம் வேண்டாம்னாலும் ஆரம்பத்துலயே முக்கி முடிச்சிருவாங்க. முக்க வேண்டிய நேரத்துல, 'என்னால ஆகாது மிசி'ன்னு படுத்துருவாங்க. ஒண்ணுலயே போங்க. மூச்சு கேட்டா மட்டும் ரெண்டு. மூச்சு திரும்புனதும் மறுபடியும் ஒண்ணு."

டாக்டர் பேசிப் பார்த்தால் இரங்குகிற மனிதர்தான். ஒரு மாதம் தருகிறேன், முடிவில் என் முன்னால் ஏறிக் காட்ட வேண்டும் என்றார். நிபந்தனை இரண்டு. நாற்பது நிமிடத்தில் மேலே போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் நாடி நூறைத் தாண்டக்கூடாது. இடைப்பட்ட சோதனைகளின் எண்களை நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். "டீச்சர் எழுதுனா நான் நம்புறேன்," என்றார்.

அந்த மாதம் எட்டு முறை ஏறினார். எட்டு முறையும் நான் பின்னால் நடந்தேன். எண்கள் ஒரே கதையைத்தான் சொல்லின. நாற்பது நிமிடத்தில் போனால் நாடி நூற்று முப்பது. மூன்று இடத்தில் நின்று இளைப்பாறிப் போனால் தொண்ணூற்றைந்துக்குள், ஆனால் எழுபது நிமிடம். குமிழை எப்படித் திருப்பினாலும் இரண்டும் ஒன்றாகக் கைகூடவில்லை. கடைசிச் சோதனை முடிந்த மாலை, நடக்காது மிசி என்று சொன்னேன். அவர் குமிழை ஒன்றுக்குத் திருப்பி வைத்தார். பக்கத்தில் முனியாண்டி டயர் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மேல் சாலையோரம் கொழுந்து எடுக்கும் கூட்டத்தில் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

குறித்த நாளில் டாக்டரும் துரையும் நானும் லேண்ட் ரோவரில் முன்னதாகவே மேலே போய்விட்டோம். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் சாலை தெரியவில்லை. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வண்டுச் சத்தம் கேட்டது. மிசி இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கையை நீட்டினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். தொண்ணூற்றிரண்டு.

"பொலேலா மிசி, ஒங்களால முடியுது," என்றார் டாக்டர். துரை கைதட்டினார். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஹைட்ரோமீட்டரைப் பாட்டரிக்குள் விட்டுப் பார்த்தேன். அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தால் எவ்வளவு மின்சாரம் செலவாகியிருக்கிறது என்று தெரியும். ஏற்றம் முடிந்தால் அது பாதிக்குக் கீழே போயிருக்க வேண்டும். ஏறக்குறைய புறப்பட்டபோது இருந்த அளவிலேயே நின்றது. சாலையின் பெரும்பகுதியில் மோட்டார் ஓடியிருக்கவில்லை. அவருடைய கால்களும் அவ்வளவாக வேலை செய்யவில்லை, நாடி சொன்னது அதைத்தான். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் தேயிலைக் கறை, ஒரு கையகலத்துக்கு, பச்சையும் பழுப்புமாக.

மற்றவர்கள் போன பிறகு கேட்டேன்.

"மிசி, வர்ற வழியில என்ன நடந்துச்சு?"

"என்னா நடந்துச்சு. பனி."

"பாட்டரி அப்படியே இருக்கு."

"ரோடு இன்னிக்கி எறக்கமா இருந்துச்சு போல," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழுந்து எடுக்குற நேரத்துல தன்னோட செடி நெரைய விட்டு வந்தா கங்காணி அரை நாளு சம்பளம் வெட்டிருவாரு. அதனால நான் யாரயும் பாக்கல டீச்சர். பனியில ஒண்ணும் தெரியல."

"அந்த எட்டு தடவ கணக்க நான் டாக்டர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"தெரியும்."

"நான் சொல்ல வேண்டியிருக்கும் மிசி."

"தெரியும் டீச்சர்," என்றார் மறுபடியும். ஊசிகளைக் கொதிநீரில் போடத் தொடங்கினார். வரிசையில் முதலில் நின்ற குழந்தை அழுதது.

அன்று இரவு நடந்ததைச் சொல்லி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதிய கடிதங்களிலேயே எனக்குப் பிடிக்காத கடிதம் அது. உண்மையைச் சொன்னால் மிசி இந்த மலையைவிட்டுப் போக வேண்டிவரும். சொல்லாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் அந்த நாற்பது நிமிடத்தைத் தனியாகப் பிடித்தாக வேண்டும். எந்த வளைவில் விழுவார் என்பதுதான் தெரியாது. பனி தினமும் இருக்காது, தள்ளுகிற கைகளும் தினமும் வர முடியாது.

அதன் பிறகு அவர் பத்து வருடம் அதே மலையில் வேலை செய்தார். எத்தனை குழந்தைகள் என்று நான் கேட்டதில்லை, அவரும் எண்ணவில்லை. உருளை மூன்று முறை மாற்றப்பட்டது. ஓய்வுபெற்ற பிறகு ரிங்லெட்டில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் போடுவார். "டீச்சர் இன்னும் ரெண்டுலயே ஓடுறீங்க," என்பார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். துணிவு என்று எழுதினால் அவரே சிரிப்பார். மாடிப்படியில் மூச்சு வாங்கும்போது, பின்னால் மாணவர்கள் வந்துகொண்டிருந்தாலும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நிற்பதற்கு வெட்கப்படுவதில்லை. முன்பு வெட்கப்பட்டேன். வைத்திருப்பது அவ்வளவுதான்.

அந்தச் சோதனைக்கு மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கு விடுமுறை. அனுப்புமுன் மிசியிடம் காட்டக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏழரை மணிக்குக் கீழ் டிவிஷனுக்குப் போனேன். மிசி ஏற்கெனவே கிளம்பியிருந்தார். வானம் வெளுத்து, சாலை முழுவதும் தெரிந்தது. முதல் வளைவைத் தாண்டும்போது அவரைக் கண்டேன். குமிழ் ஒன்றில். இரண்டாவது வளைவில் ஒரு பெண் கூடையோடு சாலைக்கு இறங்கி வந்தாள். மிசி சைக்கிளை நிறுத்தி, "ஒன் நெரைக்குப் போ," என்றார். அவள் போகவில்லை. "போடி, நான் நின்னு நின்னு போறேன்." அவள் போனாள். மிசி கல்லில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே எண்ணினார். மேலே போய்ச் சேர இன்னும் இரண்டு இடத்தில் அப்படி உட்கார்ந்தார். வந்து சேர்ந்தபோது எட்டரை. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், கங்காணி சீட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடித்துவிட்டு, மேல் டிவிஷன் ஆபீசுக்குப் போய், அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணியிடம் கேட்டு டாக்டருக்குத் தொலைபேசி செய்தார். நான் பையில் கடிதத்தோடு பக்கத்தில் நின்றேன். "டாக்டர், நேத்து உள்ளது சரியில்ல. நான் மட்டும் ஏறல. இன்னிக்கி நான் மட்டும் ஏறுனேன். எழுபது நிமிசம், தொண்ணூத்தி நாலு. டீச்சர் பாத்தாங்க." சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். டாக்டர் என்னைக் கேட்டார், ஆமாம் என்றேன். துரையைக் கூப்பிடச் சொன்னார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மாலை நான்கு மணிக்குக் கிராணி ஒரு ஈரத்துணியோடு வந்து, மேல் டிவிஷன் மருந்தறைக் கதவில் எழுதியிருந்த எட்டு மணியை அழித்துவிட்டு, சுண்ணக்கட்டியால் ஒன்பது மணி என்று எழுதினார்.