ஐரீன் தொட்டுப் பார்த்த முழங்கைகள்

வியாழக்கிழமை காலை கிளினிக்கில் இருந்தபோது தாதி ஒருவர் வந்து என் காதருகில் குனிந்தார். "டொக்டர், நம்மட ஐரீன் மிஸ் மோசம் போயிட்டாவாம்." எதிரே ஒருவர் வீங்கிய முழங்கையுடன் உட்கார்ந்திருந்தார். ஐரீன் இறந்த செய்தியோடு, அவரிடம் அடிபடாத மற்றக் கையை நீட்டச் சொன்னேன்.

எங்கள் வைத்தியசாலையின் பிசியோதெரபிஸ்ட் ஐரீன். மட்டக்களப்பு நகரத்தில், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடும்பம். அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: முழங்கையில் அடிபட்டு வருபவரிடம் முதலில் அடிபடாத கையைத்தான் கேட்பார். இரண்டையும் மடக்கச் செய்து, பின்பக்கத்து எலும்பு முனைகளை விரலால் தொட்டு ஒப்பிடுவார். பிறகு மணிக்கட்டில் நாடி, விரல்களில் உணர்ச்சி. நான் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தால், "படத்துக்கு நோகாது டொக்டர், ஆளைப் பாருங்க" என்பார்.

சுனாமி வந்த அன்று அவரே நோயாளியாக வந்தார். உடுப்பெல்லாம் சேறு. வலது முழங்கை மூட்டு விலகியிருந்தது. நான் மணிக்கட்டைத் தொடுமுன் அவரே சொன்னார்: "நாடி இருக்கு. சின்ன விரல் விறைக்குது. எழுதுங்க."

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவிட்டேன். "எப்படி நடந்தது?"

"மகளப் பிடிச்சிருந்தன்." சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நான் விடல்ல டொக்டர். கைதான் விட்டுட்டு."

'இழுபட்டதால் மூட்டு விலகல்' என்று எழுதினேன். வேறென்ன எழுத? பிள்ளைக்கு ஆறு வயது. உடல் கிடைக்கவில்லை.

மூட்டைப் பொருத்தினோம். கை மட்டும் பிறகு முழுதாக நீளவில்லை. சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினார். மகளைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணை எங்களிடம் அனுப்பினார்கள். செல் குண்டு பட்ட காயம் ஆறியிருந்தது. முழங்கை மடங்கியபடியே இறுகியிருந்தது. யாரையும் தொட விடவில்லை. 'ஒத்துழைக்கவில்லை' என்று அட்டையில் குறித்திருந்தார்கள். ஐரீன் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டித் தன் கையை நீட்டினார்.

"எனக்கும் இதுக்கு மேல நீளாது தங்கச்சி. உங்களுக்கு ஏலுமான அளவுக்குக் காட்டுங்க, போதும்."

அந்தப் பெண் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்திருந்தாள். பிறகு, "இந்தக் கையிலதான் அக்கா என்ர மகன் கிடந்தவன்" என்றாள்.

மூட்டின் கோணம் அளக்க எடுத்திருந்த அளவுகோலை ஐரீன் கீழே வைத்தார். வெளியே வரிசை காத்திருக்க, இருவரும் தோளோடு தோள் சாய்ந்து அழுதார்கள். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

முழங்கையைப் பரிசோதிக்கும் முறையை அவரிடமிருந்து பலரும் எடுத்துக்கொண்டோம். நான் மனதில் வைத்திருப்பது, அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவர் உட்கார்ந்த மத்தியானத்தை. சுனாமிக்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். ஒருநாளாவது அவர் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.