ஆட்டுக்குட்டி போட்ட ஸ்காட்லாந்து ஸ்வெட்டர்

ஆட்டுக்குட்டிக்கு மார்பளவு எடுத்திருக்கிறீர்களா?

நான் எடுத்திருக்கிறேன். இந்தப் பனிக்காலம் முழுக்க, வாரம் ஒரு முறை, தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பாரே அந்த இன்ச் டேப்பை வைத்து. முதல் வாரம் பதின்மூன்று. போன வாரம் பத்தொன்பதரை.

குட்டியின் மேல் எனக்கு ஒன்றும் பிரியமில்லை... அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது போட்டிருந்த ஸ்வெட்டர் மேல்தான் என் கண்.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் பின்னிய பழைய காஷ்மியர் ஸ்வெட்டர்களை நான் சேர்க்கிறேன். குளிர் மலைகளில் வாழும் ஒருவகை வெள்ளாட்டுக்கு மேல்மயிருக்கு அடியில் பஞ்சு மாதிரி ஒரு மயிர் வளரும். அதை நூலாக்கிப் பின்னியது. கையில் எடுத்தால் எடை தெரியாது, போட்டால் குளிர் தெரியாது.

இதைச் சேர்க்கும் நான் வசிப்பது எங்கே? தர்மபுரியில். சித்திரையில் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் சுடுகிற ஊரில். பீரோவில் மொத்தம் பதினொன்று இருக்கின்றன. போட்டுக்கொள்வது வருடத்தில் பத்து நாள். மொட்டைத்தலையன் சீப்பு சேர்க்கிற மாதிரி என்பார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருப்பதால் பேசாமல் இருந்துவிடுவேன்.

குன்னூரில் வேலை பார்த்தபோது பிடித்த வியாதி இது. எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்து பழைய சாமான்களை விற்றார்கள். எல்லோரும் பீங்கான் தட்டுகளுக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாகக் கிடந்த சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைத் தொட்டேன். அவ்வளவுதான்.

பழைய ஸ்வெட்டருக்கு வயது கண்டுபிடிப்பது தனி வித்தை. கழுத்துக்குப் பின்னால் இருக்கும் லேபிள்தான் அதற்கு ஜாதகம். எழுத்து நூலில் நெய்ததா, அச்சடித்ததா? வாளிப் படம், இஸ்திரிப் பெட்டிப் படமெல்லாம் போட்டு எப்படித் துவைக்க வேண்டும் என்று நமக்குப் பாடம் நடத்துகிறதா? நடத்தினால் அநேகமாகச் சின்ன வயசு. படமே இல்லாமல் ஊர்ப் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் மூத்தது — கொஞ்சம் மரியாதையாகத் தொட வேண்டும். அக்குள் பக்கம் பார்த்தால் கண்ணி குறைத்துக் குறைத்துப் பின்னிய தடம் வரிசையாகத் தெரியும். துணியை வெட்டித் தைத்ததில் அந்தத் தடம் இருக்காது.

அளவு விஷயத்தில் லேபிளை நம்பவே கூடாது. முப்பத்தாறு என்று போட்டிருக்கும். அந்தக் காலத்து முப்பத்தாறுக்குள் இந்தக் காலத்து முப்பத்தாறு நுழையாது. தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து, இரண்டால் பெருக்க வேண்டும். பிறகு நம்மை அளக்க வேண்டும். பிறகு யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாம்தான்.

இதெல்லாம் இந்தப் பக்கத்தில் எங்கே கிடைக்கிறது என்கிறீர்களா? காரிமங்கலம் சந்தையில்! வெளிநாட்டுப் பழைய கம்பளித் துணிகளை மூட்டையாக வாங்கி வந்து தார்ப்பாயில் கொட்டி விற்கிறார் முனிராஜ். விடிவதற்கு முன் பூப்பறிக்கப் போகிறவர்களும் பால் ஊற்றப் போகிறவர்களும்தான் அவருக்கு வாடிக்கை. அவர்கள் கேட்பது தடிமனை. எவ்வளவு கனமோ அவ்வளவு விலை. மெலிசாக இருப்பதை யாரும் சீண்டுவதில்லை.

காஷ்மியர் மெலிசு. ஆகவே முனிராஜைப் பொறுத்தவரை நான் விவரம் தெரியாத ஒரு அக்கா. அந்த எண்ணத்தை நான் ஏன் திருத்தப் போகிறேன்?

மார்கழியில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். சந்தைக்குப் போக முடியவில்லை. முனிராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. கரும்பச்சை ஸ்வெட்டர், வி கழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன். நெய்த லேபிள். ஸ்காட்லாந்து. வாளி இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. முப்பத்து நாலு என்று ஓர் எண். அவ்வளவுதான் இருந்தது. என்னைவிட மூத்தது!

எடுத்து வையுங்கள் என்று உடனே பதில் போட்டேன். ஒற்றை டிக்தான் விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து அவருக்கு நெட் தீர்ந்துபோயிருக்கிறது.

மறு வாரம் போனால் ஸ்வெட்டர் இல்லை.

“ஒரு பொம்பள வந்து ரெண்டு தடி ஸ்வெட்டர் எடுத்தாங்கக்கா. ஆட்டுக்குட்டிக்குப் போட ஏதாவது கொசுறு குடுன்னாங்க. மெலிசா ஒண்ணு கெடந்துது... குடுத்துட்டேன்” என்றார் முனிராஜ்.

கொசுறு. கறிவேப்பிலை மாதிரி. என் வாழ்நாளில் பார்த்த மிக நல்ல ஸ்வெட்டர் கொசுறாகப் போயிருக்கிறது — அதுவும் ஆட்டுக்கு.

விசாரித்து, நல்லம்பள்ளி தாண்டி உள்ளே இருக்கும் அந்த வீட்டுக்குப் போனேன். ஜெசிந்தா என்று பெயர். நாற்பது வயதிருக்கும். விடியற்காலையில் ஆடுகளைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸில் தர்மபுரிக்குப் போய் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை செய்கிறவர்.

குட்டி வாசலில் நின்றது. முன்னங்கால் இரண்டும் ஸ்வெட்டர் கைக்குள். கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தார்கள். முப்பத்து நாலு இன்ச் ஸ்வெட்டர் பதின்மூன்று இன்ச் குட்டிக்கு எப்படி நிற்கும்? வயிற்றைச் சுற்றிப் புடவைக் கிழிசலால் ஒரு கட்டு. வி கழுத்தில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்குக்கூட அப்படி எடுப்பாக இருந்ததில்லை.

சும்மா கேட்க முடியுமா? தொப்பியோடு கூடிய புது ரோஸ் கலர் குழந்தை ஸ்வெட்டர் ஒன்றைக் கையோடு வாங்கிப் போயிருந்தேன். நல்ல தடிமன். மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

ஜெசிந்தா மறுக்கவில்லை. காபி கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். தாய் ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது. பால் இரண்டுக்குத்தான் காணும். இந்த மூன்றாவதை மற்ற இரண்டும் முட்டித் தள்ளிவிடுமாம். புட்டிப்பால்தான். போன மார்கழியில் இப்படி இரண்டு குட்டிகள் அடுத்தடுத்த நாள் விறைத்துக் கிடந்தனவாம். இந்த வருடம் ஒன்றைக்கூட விடுவதில்லை என்று இருக்கிறேன் என்றார். 

பிறகு, நீங்களே மாற்றிப் பாருங்கள் என்று குட்டியை என் மடியில் வைத்தார்.

ரோஸ் ஸ்வெட்டரைப் போட்டேன். குட்டி கத்தியது. உடம்பை உதறியது. சுவரில் போய் உரசியது. அப்புறம் மூலையில் ஒடுங்கி நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஜெசிந்தா அதைக் கழற்றிவிட்டுப் பச்சையைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டது. தனக்கென்று எடுத்த தடி ஸ்வெட்டரையும் இதற்குப் போட்டுப் பார்த்தாராம், அதிலும் இதே கதைதானாம்.

இனி மறைத்துப் பயனில்லை. இது ஆட்டு மயிரில் பின்னியது, ஸ்காட்லாந்து, ரொம்பப் பழசு, எனக்கு உயிர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ஜவுளிக்கடைக் கை அல்லவா? ஜெசிந்தா ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். “அப்ப அது சொந்தக்காரங்க துணியத்தான் போட்டிருக்குது. நடுவுல நாம யாருங்க?” என்றார்.

ரோஸ் ஸ்வெட்டரை மடித்து வைத்தேன். 

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஸ்வெட்டர் சிறியதாகிப்போனதும் எனக்குக் கொடுத்துவிடுவது. மகிழ்ச்சியாகக் கைகுலுக்காத குறை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னால், வளர்ந்த ஆட்டுக்கு மார்பளவு எவ்வளவு இருக்கும் என்று கேட்டார் வீட்டுக்காரர். முப்பதைத் தாண்டுவதே பெரும்பாடாம். ஊரில் உள்ள ஸ்வெட்டருக்கெல்லாம் அளவு சொல்கிறவள், ஆட்டுக்கு ஆயுள் முழுக்கப் பொருந்தும் ஸ்வெட்டரை அது வளர்ந்ததும் கொடு என்று கேட்டு வந்திருக்கிறேன்!

மறுபடி பஸ் ஏறிப் போய் ஒப்பந்தத்தைத் திருத்தினேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் பனி விட்டுவிடும், அன்றைக்குக் கழற்றித் தருகிறேன் என்றார் ஜெசிந்தா.

அதுவரை வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்து அவர் வந்ததும் நானும் போய் நின்றேன். ஸ்வெட்டர் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அப்படியே குட்டியையும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். இரண்டாவது வாரமே பக்கத்து வீட்டுக்காரர் தன் கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இதையும் அளந்து எழுதிக்கொண்டால் மானியம் வருமா என்று கேட்டார். வராது என்று சொல்லியும் நம்பாததால் அளந்து எழுதிக்கொண்டேன். இருபத்தொன்பது.

நாலாவது வாரம் லேபிளைக் காணோம். கூடப் பிறந்த குட்டி ஒன்று பின்னாலிருந்து கடித்துத் தின்றுவிட்டதாம். ஜாதகமே போயிற்று. இனி இதன் வயதை எவரிடம் நிரூபிப்பேன்? 

அடுத்த வாரம் குட்டிக்குச் செருமல் கண்டது. ஸ்வெட்டர் நனையாமல் இருக்கிறதா என்று கேட்கத்தான் போன் செய்தேன். ஆனால் வாயில் வந்தது, “பால் குடிச்சுதா?” என்பது. அன்றைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் அதே கேள்வி. என்ன ஆயிற்று எனக்கு?

சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு ஜெசிந்தா குட்டியைப் பிடித்து ஸ்வெட்டரைக் கழற்றினார். சொன்ன சொல் தவறாதவர். கழுத்து தொங்கியிருந்தது, முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை, வயிற்றில் பால் கறை. அதைத் தன் கடைப் பையில் போட்டுக் கொடுத்தார். ஸ்வெட்டர் இல்லாமல் குட்டி சட்டென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. பையை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பன்னிரண்டாவது ஸ்வெட்டர். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், காலமில்லாத காலத்தில் மழை. கூடவே ஊசிக் காற்று. ஜெசிந்தாவுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். நல்லம்பள்ளிப் பக்கம் கரண்ட் போயிருக்கும். ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை முறை அலசியும் ஆட்டு வாடை போகவில்லை. அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

“ஸ்வெட்டர்தான் கைக்கு வந்துடுச்சே. இன்னும் என்ன?” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை. போன மார்கழியில் விறைத்துக் கிடந்த இரண்டு குட்டிகளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவைதான் கண்ணுக்குள் நின்றன. லேபிளும் வேண்டாம், முப்பத்து நாலும் வேண்டாம், அது விடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் பஸ். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். வாசலில் மூன்று குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. எது என் குட்டி என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்து தள்ள, இது திருப்பி முட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் ஸ்வெட்டரோடு நின்றேன். காபி டம்ளரோடு வெளியே வந்த ஜெசிந்தா என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

“குட்டி நல்லாத் தூங்குச்சுங்கக்கா. நீங்கதான் தூங்கல போலிருக்குது.”