கசிவு இல்லை, சுவர் கழுவுகிறார்கள்

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து வருவது அவள் வேலை. மற்றவர்கள் எண்ணைப் பார்த்தோமா, எழுதினோமா, நடையைக் கட்டினோமா என்று இருப்பார்கள். இவளோ, "உங்க நாய்க்கு ஏன் ஒரு காது மட்டும் நிமிர்ந்தே இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். பதினெட்டு வருடத்தில் இரண்டு நாய் கடித்தாயிற்று. கேள்வி குறைந்தபாடில்லை.

அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டினான். அவள் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு "ம்" சொல்வான். சம்மதம், சந்தேகம், சலிப்பு மூன்றையும் அந்த ஒற்றை எழுத்திலேயே சொல்லத் தெரிந்தவன்.

இருவருமாகச் சேர்ந்து வாங்கியது ஒரு பழைய செங்கல் வீடு. வெளியே பூச்சு கிடையாது. நாலு பக்கமும் சிவப்புக் கல் அப்படியே தெரியும். குடிவந்து இரண்டு வருடம் ஆகியும் அவன் அண்ணன் மாதம் தவறாமல் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்து, "என்னடா தம்பி, வீடு இன்னும் கட்டி முடியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

ஒருநாள் மாலை அவன் பெயின்ட் கடையிலிருந்து வண்ண அட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"வெள்ளை அடிச்சிடலாம்."

"ஏங்க, திடீர்னு?"

"ம்."

அவளுக்கு வெள்ளைமேல் பகை ஒன்றும் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையிலேயே பதினொரு வகை இருந்தது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் கட்டியவர்கள் எதற்காகப் பூசாமல் விட்டார்கள் என்பது தெரியாமல் அடிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் வந்தார். சுவரைத் தட்டினார், ஒரு கை தண்ணீரை எடுத்துத் தெளித்தார். கல் நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல் மடமடவென்று குடித்தது. மேற்குச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த கலவையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஏதோ உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர் சிரித்தார்.

"அக்கா, இந்தச் சுவருக்கு இது ரெண்டாம் கல்யாணம். ஏற்கெனவே பச்சை அடிச்சு, அப்புறம் மொத்தமா எடுத்திருக்காங்க."

"எடுக்க முடியுமா?"

"முடியும். ஆனா கிறுக்குப் பிடிச்சவங்கதான் எடுப்பாங்க. ஒவ்வொரு கல்லையும் பல்லு தேய்க்கிற மாதிரி தேய்க்கணும்."

"அப்புறம் ஏன் எடுத்தாங்க?"

"என்னைக் கேட்டா? நான் அடிக்கிற ஆளு அக்கா, கழுவுற ஆளு இல்லை."

துருவிக்கு அது போதும். கணவனிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னாள். அவன் "ம்" என்றான். இது மூன்றாவது வகை "ம்".

வீட்டை விற்றவரைக் கேட்டாள். வீடு தன் கையில் இருந்த பத்து வருடமும் வாடகைக்கு விட்டிருந்தாரே தவிர, ஒருநாள்கூட அங்கே படுத்ததில்லை என்றார். யோசித்துப் பார்த்தவளுக்குத் தன் அலுவலகமே நினைவுக்கு வந்தது. ஊரில் எந்த வீட்டில் எப்போது எவ்வளவு தண்ணீர் செலவானது என்பது அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மதிய இடைவேளையில் பதிவறைக்குப் போனாள். பழைய பேரேடுகளைத் தூசி தட்டி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு வரி. அவர்கள் வீட்டுக்கு நேரே பதினாலு யூனிட், பதினைந்து, பதின்மூன்று என்று சாதுவாகப் போய்க்கொண்டிருந்த எண்கள், முப்பது வருடத்துக்கு முன்னால் திடீரென்று அறுபத்தொன்று என்று எகிறின. அடுத்த வரியில் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்து மறுபடியும் பதினாலு. இப்படி எகிறினால் குழாய் உடைந்திருக்கும் என்பது பாலபாடம். ஆனால் குறிப்புக் கட்டத்தில், அந்தக் காலத்து மீட்டர்காரர் யாரோ பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: "கசிவு இல்லை. சுவர் கழுவுகிறார்கள்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பதிவறை எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அந்த அறையில் யாரும் சிரித்து அவர் கேட்டதில்லை. ஆனாலும் நல்ல மனிதர். அந்த வரியில் இருந்த பெயரில் இப்போது இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தார். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. நகரின் மறுகோடியில், அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடி.

சனிக்கிழமை போய் மணியடித்தாள். சங்கிலியை மாட்டியபடியே கதவு விரற்கடை திறந்தது.

"மீட்டர் கீழ இருக்கும்மா."

"மீட்டர் பார்க்க வரலைம்மா. நீங்க ஏன் சுவத்தைக் கழுவினீங்கன்னு கேட்க வந்தேன்."

கதவு சாத்திக்கொண்டது. பிறகு சங்கிலி கழன்றது.

"முப்பது வருஷம் கழிச்சு இதைக் கேட்க ஒரு ஆள் வந்திருக்கே! உள்ள வா."

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. விரல்கள் மட்டும் பேசும்போது நாற்காலிக் கைப்பிடியில் தட்டச்சு அடித்துக்கொண்டே இருந்தன.

"அடிச்ச புதுசுல கிளி மாதிரி இருந்துச்சு. தெருவே நின்னு பார்த்துச்சு. ரெண்டாவது மழைக்குச் சுவத்துல கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. ஊசியால குத்தினேன். தண்ணி பீச்சிச்சு."

"குத்தினீங்களா!"

"பின்ன? குத்தாம உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

துருவி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உள் அறையில் ஓதம் ஏறி, வீட்டில் வைத்து டைப் அடிக்கும் காகிதமெல்லாம் நமத்துப்போயிற்றாம். கல்லின் முகம் பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்ததாம். கூட்டிவந்த கொத்தனார், கூரையோரத்துத் தகரக் கால்வாய் விரிசல் விட்டு, தண்ணீர் சுவருக்குள் இறங்குவதைக் காட்டினாராம்.

"முன்னெல்லாம் இறங்கின தண்ணி வெயில்ல தானாக் காஞ்சிடும், நீங்க பெயின்டை அடிச்சு அது வெளிய வர்ற வழியைச் சாத்திட்டீங்கன்னார். நானும் எங்க வீட்டுக்காரரும் நாலு மாசம் பெயின்டைக் கரைக்கிற மருந்தைத் தடவித் தடவிக் கழுவினோம். நாங்க சண்டையே போடாத நாலு மாசம் அதுதான். வாயைத் திறந்தா மருந்து தெறிக்கும்!"

"எல்லாப் பச்சையும் போயிடுச்சா?"

"மீட்டர் பெட்டிக்குப் பின்னால மட்டும் விட்டுட்டோம். அரசாங்கப் பொருளைக் கழட்டக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க."

கிளம்பும்போது அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காதேன்னு நான் சொல்லலை. முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேற்குச் சுவருக்குப் போனாள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். அரை விரல் இடைவெளியில், இலைத்தளிர்ப் பச்சை, நேற்று அடித்ததுபோல் இருந்தது. ஊர் மீட்டரையெல்லாம் பார்ப்பவள் தன் வீட்டு மீட்டரின் முதுகைப் பார்த்ததில்லை.

கணவன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் "ம்" என்று கூடச் சொல்லவில்லை. துணியைப் பிழிந்து தொங்கவிட்டுவிட்டுப் பேசினான்.

"சின்ன வயசுலேர்ந்து எனக்கு வந்த சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாமே அண்ணன் போட்டுக் கழட்டினது. இந்த வீடாவது எனக்குன்னு புதுசாத் தெரியட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

பதினாறு வருட வாழ்க்கையில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் தான் சுவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், இவனைக் கேட்கவில்லை என்று அவளுக்குச் சுருக்கென்றது.

"எங்கேர்ந்து பார்த்தா உங்களுக்குப் புதுசாத் தெரியணும்?" என்றாள்.

அவன் யோசித்தான். "பின்பக்கத்துலேர்ந்து. நாம உட்கார்றது அங்கதானே."

கொத்தனாரை வரவழைத்தார்கள். டைப்பிஸ்ட் அம்மா காலத்தில் பழுது பார்த்திருந்த அதே இடத்தில் கால்வாய் மறுபடியும் வாய் பிளந்திருந்தது. அதை மாற்றி, உதிர்ந்த இடுக்குகளில் கலவை வைத்து அடைத்தார்கள். முன்பக்கமும் பக்கச் சுவர்களும் செங்கலாகவே நின்றன. பின்சுவரில் மட்டும் கல் பல நிறமாக இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றார் பெயின்டர். "கல்லு மூச்சு விடும் அக்கா. ஆனா நாலஞ்சு வருஷத்துல மங்கிடும், திரும்ப அடிக்கணும்."

"நானே அடிச்சுக்கறேன்" என்றான் கணவன்.

முதலில் இரண்டு கை அகலத்துக்கு அடித்துவிட்டு ஒரு மழைக்குக் காத்திருந்தார்கள். கொப்புளம் வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறுகளில் சுவர் முழுக்க வெள்ளையாயிற்று. அவன் தலைமுடியும்தான். வாசற்கதவுக்குக் கருநீலத்தை அவனே தேர்ந்தெடுத்தான்.

அண்ணன் வந்து சுற்றிப் பார்த்தார். "ஏன்டா, முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி அடிச்சிருக்கே?"

"போறவங்க வர்றவங்களுக்கு முன்பக்கம் அண்ணே. பின்பக்கம் எனக்கு" என்றான் தம்பி. அண்ணன், வெள்ளைச் சுவரில் நல்ல வெளிச்சம் இருக்கிறதென்று அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மழைக்காலம் முடிந்து டைப்பிஸ்ட் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் உள் அறைக்குப் போய் மேற்குச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு இரண்டு பெண்களும் வீட்டைச் சுற்றி நடந்தார்கள். கிழக்குப் பக்கம் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசைக் கற்கள் மட்டும் படுக்கையாக இல்லாமல் நெட்டுக்குத்தாக நின்றன.

"அது ஏன் அப்படி வச்சிருக்காங்க?" என்றாள் துருவி.

"இருபது வருஷம் குடியிருந்தேன். இதுவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மா, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

கணவன் ஏணி எடுத்துவரப் போனான்.