கறுப்பு ஓரக் கார்டு

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூட்டம் சேரும். கூட்டத்தோடு வாந்திபேதியும் வரும். ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு நோயாளிகளைக் கிடத்துவார்கள். 1930களின் கடைசியில் இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொழும்பு, மதுரை என்று சுற்றிவிட்டு வந்திருந்தேன். வீடுகளுக்குத் தகவல் எழுதுவது, பிழைத்தவர்களை ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்க்க மறுக்கிறவர்களிடம் பேசுவது என் வேலை. கடைசியதுதான் கஷ்டம். இறந்தவர்களை நாங்களே எரித்துவிடுவோம், உடலைக் கொடுப்பதில்லை. அதனால் உறவுக்காரர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

பண்பொழி வண்டிக்காரர் ஒருவர் பிழைத்தார். 'தேறிவிட்டார், நடக்கத் தெம்பு வந்ததும் கூட்டி வருகிறேன்' என்று கார்டு எழுதினேன். மைப்புட்டி கவிழ்ந்து கார்டின் ஓரம் கறுத்துவிட்டது. எழுத்து தெளிவாக இருந்தது. அப்படியே தபாலில் போட்டேன். சாவுச் செய்திக்குத்தான் ஓரத்தில் கறுப்பு தடவுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அன்று தோன்றவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு போன அன்று ஊர் எல்லையில் புல்கட்டோடு வந்த ஒருவர் கட்டைக் கீழே போட்டார்.

"ஏலே, நீ செத்துட்டேன்னுல்லா இன்னைக்குப் பதினாறு! ஒம் பொஞ்சாதிக்குத் தாலி அறுக்கப் போறாவலே!"

வண்டிக்காரரால் ஓட முடியாது. நான் ஓடினேன். தெருமுனையில் அவருடைய அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன வருஷம் அதே தெருவுக்கு ஒருவரைக் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

"அங்கனயே நில்லும். எரிச்சாச்சுல்லா, இன்னும் என்ன?"

"அண்ணாச்சி, உம்ம தம்பி உசுரோட வாராரு."

"அப்பம் கறுப்பு தடவி கார்டு போட்டது யாரு?"

"நான்தான். மை கொட்டிட்டு. வாசிச்சுப் பாத்தீயளா?"

"சாவுக் காயிதத்தை எவன்வே வாசிப்பான்? வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத் தலைமுழுகுனோம்."

அதற்குள் தம்பி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒப்பாரி நின்றது. யாரும் கிட்டே போகவில்லை. அவருடைய மனைவி, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக உள்ளேயிருந்து வந்தாள். அறுப்பதற்கு முன்பு அப்படித்தான் அலங்கரித்து வைப்பார்கள். முதலில் அவர் காலைப் பார்த்தாள். கால் தரையில் பாவியிருந்தது.

"இந்தக் காலை இழுத்துட்டு வரப் பதினாறு நாளா?"

"அந்தா நிக்காரே, அவரைக் கேளு," என்றார் அவர்.

அண்ணன் மட்டும் வழியை விடவில்லை. "காரியம் பண்ணுன ஆளை எப்படி உள்ள விட?"

அவள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "அத்தான், இதை இன்னும் அறுக்கலைல்லா? காரியம் முடியலை. வழியை விடுங்க."

அண்ணன் நகர்ந்துகொண்டார். தெருவிலேயே இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். அவருக்குக் கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று வெளியே நின்றபடி சத்தம் போட்டுச் சொன்னேன். எனக்குத் தெருமுனையிலேயே இலை போட்டார்கள். பதினாறுக்கு ஆக்கிய சோறு. பசித்தது, சாப்பிட்டேன்.