யாரோட போன்ல?

நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் 'பரீட்சை அண்ணி'. வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் காலாட்டுவதை நிறுத்தவில்லை.

குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவள், மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலைக்குப் போக நினைத்தாள். தேர்ந்தெடுத்தது எஸ்.இ.ஓ. இணையத்தில் யாராவது எதையாவது தேடும்போது ஒரு கடையின் பக்கம் மேலே வரும்படி செய்யும் தொழில். பாடமும் தேர்வும் இணையத்திலேயே. தேறினால் சான்றிதழ். ஒன்று வாங்கினாள், பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் கைக்கு வந்த அன்று மாலை வரைதான் மனம் நிறைந்திருக்கும். மறுநாள் இருப்புக் கொள்ளாது. அடுத்த பாடத்தைத் திறந்துவிடுவாள்.

சான்றிதழ்கள் ஓர் ஆண்டுதான் செல்லும் என்று தெரிந்த அன்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"படிப்புக்குக்கூடப் பால் பாக்கெட் மாதிரி தேதி போடறாங்களா அண்ணி?"

"தொழில் மாறிக்கிட்டே இருக்குல்ல."

"அப்ப திரிஞ்சு போறதுக்குள்ள யாருக்காவது ஊத்திடுங்க."

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அதிகம் பேசமாட்டான். "நீ படிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல. எந்த மாடியில இறங்கப் போறேன்னு மட்டும் சொல்லு" என்றான். நாத்தனாரின் கேலியெல்லாம் காற்றோடு போயிற்று. இது மட்டும் முள்ளாய்த் தங்கியது. நான்காவது பாடத்தின் நடுவே எழுந்து அலுவலகங்களுக்கு எழுதிப் போட்டாள். பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"சான்றிதழ் எல்லாம் பார்த்தோம். வரும்போது நீங்களே செஞ்ச வேலை ஒண்ணு கொண்டாந்து காட்டுங்க."

செய்த வேலை என்று ஒன்றும் இல்லை. நாத்தனார் ஜன்னல் திரைகள் தைத்து விற்கும் கடை வைத்திருந்தாள்.

"ஏய், உன் கடையை எனக்குக் கொடு."

"கடையையா?"

"கடையோட இணையப் பக்கத்தைத்தான்."

"தாராளமா எடுத்துக்கங்க. நானே அதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மகள் திரும்பும்வரை அதே வேலை. தலைப்புகளை மாற்றினாள், படங்களைச் சுருக்கினாள், பாடத்தில் சொன்ன ஒன்றையும் விடவில்லை. அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது ஒருமுறை, துணி உலர்த்திவிட்டு ஒருமுறை என்று தேடிப் பார்த்தாள். கீழே கிடந்த பக்கத்தைக் கண்டுபிடித்து, உள்ளே போய், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வருவாள். பக்கம் மெல்ல மேலே வந்தது. ஒருநாள் முதலிடத்தில் நின்றது.

நேர்காணலில் எதிரே உட்கார்ந்த மேலாளர் அம்மாள், "தேடிக் காட்டுங்க" என்றாள். இவள் தன் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். முதலிடம்.

"நல்லது. இப்ப இதுல தேடுங்க" என்று தன்னுடையதைத் திருப்பி வைத்தாள் மேலாளர்.

முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அவள் தள்ளிக்கொண்டே போனாள். மேசைக்கு அடியில் அவள் கால் ஆடுவதில் மேலே இருந்த தண்ணீர் தம்ளர் நடுங்கியது.

"தினம் உங்க வீட்டுலேர்ந்து, இதே கம்ப்யூட்டர்லதானே பார்த்தீங்க?"

"ஆமா மேடம்."

"உங்களுக்கு எது பிடிக்கும்னு அது கத்துக்கிட்டு, உங்களுக்கு மட்டும் மேல கொண்டாந்து வச்சிருக்கு. உங்க ரெண்டாவது சான்றிதழ்ல இது ஒரு கேள்வியா வருமே?"

"வந்துச்சு."

"என்ன பதில் போட்டீங்க?"

"சரியாத்தான் போட்டேன்."

கேள்விக்கு விடை தெரிவது ஒன்று. அதே கேள்வி தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காரும்போது அதை அடையாளம் காண்பது வேறொன்று. முதலாவதற்குச் சான்றிதழ் தருகிறார்கள். இரண்டாவதற்கு யாரும் தருவதாகத் தெரியவில்லை.

"அப்ப சான்றிதழால பிரயோஜனமே இல்லையா?" என்று கேட்டாள்.

"அதனாலதானே உங்களை இந்த நாற்காலி வரைக்கும் கூப்பிட்டோம். அதோட வேலை இங்க முடிஞ்சுது. ஒரு மாசம் கழிச்சு எழுதுங்க, நான் மறுபடி தேடிப் பார்க்கிறேன்."

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நேரே கடைக்குப் போனாள். திரைக்கு அளவு கொடுக்க வந்திருந்த பெண்மணியிடம், எப்படித் தேடி வந்தீர்கள் என்று கேட்டாள்.

"எதிர்வீட்டுக்காரங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க, என்ன பண்றதுன்னு போட்டுத் தேடினேம்மா. உங்க கடை அதுல வரல, வழியில போர்டைப் பார்த்துட்டு வந்தேன்."

இவள் அமைத்த இணையப் பக்கத்தின் உச்சியில் எழுதியிருந்தது 'உயர்தர நவீனத் திரைச்சீலைகள்'.

"திரைச்சீலையா?" என்றாள் நாத்தனார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லையே அண்ணி. ஸ்க்ரீன்னுதான் கேப்பாங்க."

அதற்குப் பிறகு அவள் மேசையில் உட்காரவில்லை. தினமும் கடையில் நின்று வருகிறவர்களைக் குடைந்தாள். ஒருவருக்கு மேற்கு வெயில், ஒருவருக்குப் பகலில் தூங்காத குழந்தை, இன்னொருவருக்கு டிவியில் விழும் வெளிச்சம். அவர்கள் சொன்னபடியே இணையப் பக்கத்தில் எழுதினாள். "வாங்க வந்தவங்களைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்களே" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

மாதம் முடியும் நேரத்தில் ஒருநாள் அந்த நாத்தனாரே போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! முதல்ல வந்துட்டோம்!"

"யாரோட போன்ல?"

"என்னோடதுலதான்."

கடையிலிருந்து இறங்கி, எதிர் வரிசையில் சாவி வெட்டுபவரிடம் போனாள். வாழ்நாளில் ஜன்னல் திரையைப் பற்றி நினைத்தே பார்க்காத மனிதர். அவர் போனை வாங்கி, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் கதையை எழுதித் தேடினாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் கடை இருந்தது. மேலாளருக்குத் தேடிய வரியையும் சேர்த்து அப்படியே எழுதினாள்: இரண்டாவது பக்கம், அந்நியர் ஒருவர் போனில்.

மாலையில் பதில் வந்தது. "என்னோடதுலயும் அங்கதான் இருக்கு. திங்கட்கிழமை வேலையில சேருங்க. வரும்போது சான்றிதழ் நகல்களையும் கொண்டு வாங்க, ஆபீஸ் ஃபைலுக்குக் கேப்பாங்க."

வீட்டுக்கு ஓடிப்போய் மூன்றையும் எடுத்துத் தேதி பார்த்தாள். முதல் இரண்டும் காலாவதியாகியிருந்தன.

"என்ன அண்ணி, திரிஞ்சு போச்சா?" என்றாள் பின்னாலேயே வந்த நாத்தனார்.

அவள் மடிக்கணினியைத் திறந்து இரண்டாவது பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள். மேசைக்கு அடியில் கால் ஆடத் தொடங்கியது.