பந்தியில் கிடைத்த விமரிசனம்

பிரிந்துபோன காதலர்கள் பல வருஷம் கழித்துச் சந்திப்பதாக ஒரு சிறுகதை எழுதினேன். யுத்த காலத்தில் ஒரு மாதப் பத்திரிகையில் அது வெளிவந்தது. திருவிழாக் கூட்டத்தில் அவனைக் கண்டதும் கதாநாயகி மயங்கி விழுவாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவள் வேறு யாருமில்லை, கோரிப்பாளையத்தில் எங்கள் வளவில் குடியிருந்த பெண்தான். ஜாதகம் பொருந்தவில்லை என்று பெரியவர்கள் கைவிரித்துவிட, அவள் பர்மாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை யார் எவர் என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. புருஷன் பெயர் அச்சில் வந்த பெருமையில், சொந்தக்காரர் வீடெல்லாம் அந்தப் பத்திரிகையைச் சுற்றுக்கு விட்டாள்.

பர்மாவிலிருந்து தப்பி வந்திருந்த என் மனைவியின் பெரியப்பா மகன் திருவாதவூரில் விருந்து வைத்தார். அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசலில் அவர் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. அவளேதான்!

"வாங்கண்ணே," என்றாள்.

மனைவியின் அண்ணன் பெண்டாட்டி எனக்குத் தங்கை முறை. முறை சரிதான். கதைப்படி மயங்க வேண்டியது அவள். எனக்கல்லவா கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது! என்னை அடியோடு மறந்துவிட்டாளா? அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

பந்தியில் சோறு போட வந்தவள் சொன்னாள்: "கதையப் படிச்சேன்ணே. அந்தப் பிள்ள எதுக்கு மயங்கி விழுது? பழைய ஆளப் பாத்தா ஒரு பொம்பள மொதல்ல தொப்பையத்தான பாப்பா?"

பக்கத்து இலையிலிருந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம் யாரோ கத்தரிக்காய்க் கூட்டு கொண்டுவந்தார்கள். அவள் சட்டென்று குறுக்கே கை நீட்டினாள்.

"அண்ணனுக்கு வைக்காதீக. தின்னா ஒதடு வீங்கிரும்."

"மாப்ளைக்கு ஆகாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மச்சான்.

"அதான் கதையில எழுதியிருக்காகளே."

கதையில் கத்தரிக்காயே கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிமிர்ந்தேன். அந்தக் கதையை இரண்டு தடவை படித்த என் மனைவி, ரசச் சட்டியோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"ரசம் ஊத்தவா, இல்ல அதுக்கும் கதையப் பாக்கணுமா?" என்று கேட்டாள்.